எங்கள் மொழியின் கம்பைலரை அதே மொழியில் மாற்றி எழுதலாமா?

கேள்வி

வணக்கம். உணரிகள் அனுப்பும் அளவீடுகளைச் சிறிய மைக்ரோகன்ட்ரோலர்களுக்குள்ளேயே வடிகட்டிக் கணக்கிடுவதற்கென்று ஒரு நிரல்மொழியை, நானும் இரு நண்பர்களும் மூன்று ஆண்டுகளாகத் திறமூலமாக வளர்த்து வருகிறோம். நிரலை எந்திரக் கட்டளைகளாகத் தொகுக்கும் (மாற்றும்) கம்பைலர் முழுவதும் ஓகேமல் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. அது, பலவகைச் சில்லுகளுக்கும் எந்திரக் கட்டளைகளை உருவாக்கும் எல்எல்விஎம் என்ற கருவித்தொகுப்பின் இடைநிலை மொழியை உரைக்கோப்பாக எழுதித் தரும். அதன்பின் நடப்பதையெல்லாம் எல்எல்விஎம் பார்த்துக்கொள்ளும். மொழியில் வேண்டுமென்றே இரண்டு தடைகளை வைத்திருக்கிறோம். நிரல் ஓடும்போது புதிதாக நினைவகம் ஒதுக்க முடியாது. ஒரு செயற்கூறு நேராகவோ சுற்றிவளைத்தோ தன்னைத்தானே அழைக்க முடியாது. இந்த இரண்டும் இருப்பதால்தான் ஒரு நிரலுக்கு அதிகபட்சம் எத்தனை பைட் ஸ்டாக் (செயற்கூறுகள் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) வேண்டும் என்பதைத் தொகுக்கும்போதே அச்சிட்டுத் தர முடிகிறது. எங்கள் மொழியைத் தேடி வருபவர்களில் பெரும்பாலானோர் அந்த ஓர் எண்ணுக்காகவே வருகிறார்கள்.

இப்போது எங்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடு. பங்களிக்க விரும்பி வந்த சிலர், ஓகேமல் தெரியாது என்று சொல்லிப் பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். கம்பைலரை எங்கள் மொழியிலேயே மாற்றி எழுதிவிட்டால் இந்தத் தடை நீங்கும் என்றும், தன்னைத் தானே தொகுத்துக்கொள்ள முடியாத மொழியை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள் என்றும் நண்பர்களில் ஒருவர் வாதிடுகிறார். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் தயக்கத்துக்குக் காரணம் சோம்பலா, நியாயமா என்று எனக்கே விளங்கவில்லை.

இதனுடன் சேர்ந்த இன்னொரு தொல்லை எல்எல்விஎம். பதினைந்தாம் பதிப்பிலிருந்து, நினைவக முகவரியைத் தாங்கும் பாயிண்டர்களுக்கு அவை சுட்டும் பொருளின் வகையை எழுதுவது இயல்புநிலையில் இல்லாமல் போனது. பதினேழில் பழைய முறை முழுவதுமாகவே நீக்கப்பட்டது. எங்கள் கம்பைலர் எழுதும் உரையில் பாதிக்கு மேல் அந்தப் பழைய வடிவம்தான் இருக்கிறது. ஆகவே பதினான்காம் பதிப்பிலேயே நின்றுவிட்டோம். மாற்றி எழுதுவதென்றால் இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாமா? இத்தகைய வேலையைச் செய்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

மறுமொழி 1

உங்கள் தயக்கம் நியாயமானது என்றே நினைக்கிறேன். அதற்கான காரணமும் உங்கள் கேள்வியின் முதல் பத்தியிலேயே இருக்கிறது.

ஒரு மொழியின் கம்பைலரை அந்த மொழியிலேயே எழுதும் வழக்கம் மிகப் பழையது. 1962இல் எம்ஐடியில் டிம் ஹார்ட்டும் மைக் லெவினும் லிஸ்ப்புக்கான கம்பைலரை லிஸ்ப்பிலேயே எழுதி, நிரலைத் தொகுக்காமல் நேராகவே ஓட்டும், ஏற்கெனவே இருந்த இன்டர்பிரிட்டரில் அதை ஓடவிட்டு, அதன் மூலநிரலையே அதற்கு உள்ளீடாகக் கொடுத்துத் தொகுத்தார்கள். லிஸ்ப் பட்டியல்களையும் மரங்களையும் கையாள்வதற்கென்றே உருவான மொழி. கம்பைலரின் வேலையும் பெரும்பாலும் ஒரு மரத்தை இன்னொரு மரமாக்குவதுதான். எனவே அங்கே அது பொருந்தியது. உங்கள் மொழியில் மரம் என்ற தரவமைப்பையே எழுத முடியாதே! எத்தனை கணு வரும் என்று முன்கூட்டித் தெரியாத ஒன்றுக்கு இடம் ஒதுக்க வழியில்லை, அதில் இறங்கி நடக்கத் தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறும் இல்லை. கம்பைலரை அதில் எழுத வேண்டுமென்றால் அந்த இரண்டு தடைகளையும் நீக்க வேண்டும், அல்லது கம்பைலர் எழுதுபவர்களுக்கு மட்டும் ஒரு பின்வாசல் வைக்க வேண்டும். பின்வாசல் வைத்தால் ஒருநாள் பயனர்களும் அதன் வழியே நுழைவார்கள்; பிறகு அந்த ஸ்டாக் கணக்கை யார் நம்புவது?

உங்களுக்கு நெருங்கிய உறவு லிஸ்ப் அல்ல, லஸ்டர். 1980களில் பிரான்சின் கிரனோபிளில் பிறந்த அந்த மொழியும் இயங்குநேர ஒதுக்கீட்டை ஏற்காத, எல்லையுள்ள நினைவகத்தில் ஓடும் நிரல்களுக்கானது. அதன் வழிவந்த ஸ்கேட், ஏர்பஸ் விமானங்களின் பறத்தல் கட்டுப்பாட்டு மென்பொருள் வரை போனது. ஸ்கேடின் கம்பைலரான கேசிஜி, ஆறாம் பதிப்பிலிருந்து ஓகேமலில் எழுதப்பட்டது. அது வெளியிடுவது சி நிரல். அந்த மொழி தன்னைத் தானே தொகுக்கவில்லை என்பதற்காக அதை யாரும் குறைத்து மதிப்பிடவில்லை. எதிர்த்திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டைப்ஸ்கிரிப்டின் கம்பைலர் பல ஆண்டுகளாக டைப்ஸ்கிரிப்டிலேயே இருந்தது. 2025 மார்ச்சில் அதைக் கோ மொழிக்குப் பெயர்ப்பதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. வேகத்துக்காகத் தன் சொந்த மொழியை விட்டு வெளியேறிய அந்த முடிவால் டைப்ஸ்கிரிப்டின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

பங்களிப்பாளர்களைப் பற்றி ஒரு சொல். ஓகேமலின் இலக்கணத்தை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் மொழி அன்று. எந்தக் கட்டத்தில் எந்தத் தரவு எந்த வடிவில் இருக்கும் என்று எங்குமே எழுதி வைக்கப்படாமல் இருப்பதுதான். ஒரு வரி நிரல் இலக்கணப் பகுப்பிலிருந்து இடைநிலை மொழி வரை படிப்படியாக எப்படி மாறுகிறது என்பதை ஒரே ஒரு எடுத்துக்காட்டைக் கொண்டு ஐந்தாறு பக்கங்களில் எழுதிப் பாருங்கள். அத்துடன் வடிப்பான்கள், பதின்மப் புள்ளி நிலைத்த எண்களுக்கான கணிதம் ஆகிய நிரலகங்களை உங்கள் மொழியிலேயே எழுதுங்கள். உணரிகளில் ஆர்வம் கொண்டு வருபவர்களுக்கு அங்கேதான் வேலை இருக்கிறது.

மறுமொழி 2

நான் இதைச் செய்து முடித்தவன். என் மொழி பொதுப்பயன்பாட்டுக்கானது, உங்களுடையதைப் போலக் கட்டுப்பாடுகள் கொண்டதன்று. முதல் மறுமொழியின் முடிவை ஏற்கிறேன். ஆனால் தன்னைத் தானே தொகுத்தல் வெறும் பெருமைக்கானது என்ற தொனி அதில் இருக்கிறது. அதை ஏற்க முடியவில்லை. என் மொழியில் பிழைச்செய்திகள் எவ்வளவு மோசமாக இருந்தன என்பது, பெரிய நிரல் ஒன்றை, அதாவது கம்பைலரையே, அதில் எழுதியபோதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை பத்து வரிச் சோதனை நிரல்களில் எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது.

ஆனால் அதற்குக் கொடுக்க வேண்டிய விலையை முன்பே அறிந்துகொள்ளுங்கள். கோ மொழியின் 1.5ஆம் பதிப்பில், 2015 ஆகஸ்டில், சி மொழியில் இருந்த கம்பைலர் கோவுக்கு மாறியது. கையால் மாற்றி எழுதவில்லை. சி நிரலைக் கோவாக மாற்றும் ஒரு கருவியை எழுதி அதன் வழியே பெயர்த்தார்கள். அப்படி வந்த நிரல் நல்ல கோ நிரலாக இருக்கவில்லை, தொகுக்கும் நேரமும் ஏறத்தாழ இரு மடங்கானது. பதிப்புக் குறிப்பிலேயே அதை ஒப்புக்கொண்டார்கள். அன்றிலிருந்து கோ கம்பைலரைக் கட்ட (மூலநிரலிலிருந்து உருவாக்க) முந்தைய கோ கம்பைலர் ஒன்று வேண்டும். 1.20ஐக் கட்ட 1.17, 1.22ஐக் கட்ட 1.20 என்று அந்தச் சங்கிலி நீள்கிறது. ரஸ்ட் மொழியின் முதல் கம்பைலரும் உங்களுடையதைப் போல ஓகேமலில்தான் இருந்தது. 2011இல் அது தன்னைத் தானே தொகுத்துக்கொண்டது, இன்று ஒவ்வொரு பதிப்பையும் கட்ட அதற்கு முந்தைய பதிப்பு வேண்டும். ஸிக் என்ற மொழி வேறு வழியில் போனது. 2022 டிசம்பரில் தன் சி++ கம்பைலரை நீக்கியபோது, கம்பைலரின், எந்தச் சில்லையும் சாராத வெப்அசெம்பிளி வடிவம் ஒன்றை விதையாகக் களஞ்சியத்திலேயே வைத்து, அதைச் சி நிரலாக்கும் சிறு கருவியையும் உடன் வைத்தார்கள். சி கம்பைலர் மட்டுமே உள்ள கணினியிலும் ஸிக்கைக் கட்டலாம். மாற விரும்பும் எவருக்கும் நான் இந்த மூன்றாவது வழியையே பரிந்துரைப்பேன்.

என் அனுபவத்தில் ஒரு கதையையும் சொல்லிவிடுகிறேன். பழைய கம்பைலரால் புதியதைத் தொகுத்தால் கிடைப்பது முதல் நிலை. அதைக் கொண்டு அதே மூலநிரலைத் தொகுத்தால் இரண்டாம் நிலை. மீண்டும் ஒருமுறை செய்தால் மூன்றாம் நிலை. இரண்டாவதும் மூன்றாவதும் பைட் பைட்டாக ஒன்றாக இருக்க வேண்டும். ஜிசிசி என்ற திறமூலச் சி கம்பைலரைக் கட்டும்போதும் இந்த ஒப்பீடு நடக்கும். எனக்கு இரண்டு கோப்புகளின் அளவும் ஒன்றாகவே இருந்தது, உள்ளடக்கம் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் மாறுபட்டது. நான்கு நாள், மதிப்புகளைச் சில்லின் ரெஜிஸ்டர்களில் எங்கே வைப்பது என்று முடிவுசெய்யும் என் ரெஜிஸ்டர் ஒதுக்கீட்டைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் இரு பைனரிகளையும் (தொகுத்துக் கிடைத்த எந்திரக் கோப்புகளையும்) மனிதர் படிக்கக்கூடிய அசெம்பிளியாகப் பிரித்து அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது: கட்டளைகள் அனைத்தும் சரி, இரண்டு செயற்கூறுகள் மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. பெயர் அட்டவணைக்கு ஒவ்வொரு பெயரும் எந்த இடத்தில் அமரும் என்பதைத் தீர்மானிக்கும் ஹாஷ் சாவியாக நான் பயன்படுத்தியது பாயிண்டரின் முகவரியை. இயங்குதளமோ பாதுகாப்புக்காக ஒவ்வொரு ஓட்டத்திலும் நினைவக முகவரிகளைக் கலைத்துப் போடுகிறது. அட்டவணையை நடக்கும் வரிசை அதனால் மாறி, செயற்கூறுகள் வெளியாகும் வரிசையும் மாறியது. சேர்த்த வரிசையிலேயே நடக்குமாறு மாற்றியவுடன் சரியாயிற்று. திருத்தம் மூன்று வரி.

இரண்டும் மூன்றும் ஒன்றாக இருந்துவிட்டால் கம்பைலர் சரியானது என்றும் பொருளல்ல. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், கணினித்துறையின் உயரிய விருதான டியூரிங் விருதைப் பெற்ற தன் உரையில், 1984இல் அச்சானது, இதற்கு ஓர் அழகான எடுத்துக்காட்டைக் காட்டினார். பின்சாய்கோட்டுக்குப் பின் வி வந்தால் செங்குத்துத் தாவல் குறியைத் தருக என்று கம்பைலரின் நிரலில் எழுத வேண்டும். முதல்முறை 11 என்ற எண்ணையே எழுதித் தொகுக்க வேண்டும். அதற்கடுத்த முறை எண்ணை அழித்துவிட்டு அந்தக் குறியையே எழுதலாம். பைனரிக்கு இப்போது அது தெரியும். 11 என்ற எண் மூலநிரலில் எங்குமே இராது, ஆனாலும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிக்கொண்டிருக்கும். அதே வழியில் ஒரு திருட்டுக்கதவையும் கைமாற்றலாம் என்பதே அவர் சொல்ல வந்தது. இந்த அச்சத்தைத் தீர்க்கவே 357 பைட் அளவுள்ள ஹெக்ஸ்0 என்ற விதையிலிருந்து தொடங்கி ஒரு முழு இயங்குதளத்தையே கட்டி எழுப்பும் முயற்சி நடந்தது. 2023இல் கைக்ஸ் என்ற திறமூலத் திட்டம் அதைச் செய்து காட்டியது.

நீங்கள் ஓகேமலிலேயே இருந்தாலும் இந்த ஒப்பீட்டை வேறு விதமாகச் செய்யலாம். ஒரே நிரலை வேறு வேறு அடைவுகளில், வேறு வேறு கணினிகளில் தொகுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஓகேமலின் ஹாஷ் அட்டவணை இயல்புநிலையில் வரிசையைக் கலைக்காது, ஆகவே என் பிழை உங்களுக்கு வராது. ஆனால் பிழைத்திருத்தத் தகவலுக்குள் அடைவின் முழுப்பாதை நுழைந்துவிடுவது எல்லோருக்கும் வரும்.

மறுமொழி 3

எல்எல்விஎம் பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை, ஆகவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன். சொந்தப் பின்முனை (எந்திரக் கட்டளைகளை உருவாக்கும் பகுதி) எழுதும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ், ஏவிஆர் ஆகிய சில்லு வகைகள் மூன்றுக்கும் ரெஜிஸ்டர் ஒதுக்கீட்டையும் கட்டளைத் தேர்வையும் மூன்று பேர் எழுதிப் பராமரிக்க முடியாது. எல்எல்விஎம்மோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பெரிய பதிப்பை வெளியிடுகிறது. இடைநிலை மொழியின் உரை வடிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறாது என்று அவர்கள் உறுதியளிக்கவும் இல்லை. உங்கள் வகை மொழிக்குச் சி நிரலை வெளியிடுவதே மேல் என்பது என் கருத்து. 8051 போன்ற பழைய சில்லுகளுக்கு எல்எல்விஎம் ஆதரவே கிடையாது. சி கம்பைலர் இல்லாத சில்லு அநேகமாக இல்லை. மூலநிரலின் வரி எண்ணைக் குறிக்கும் ஹாஷ்-லைன் கட்டளைகளை இடையிடையே எழுதிவிட்டால் பிழைத்திருத்தி உங்கள் மொழியின் வரிகளையே காட்டும்.

ஆனால் சியில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் நிறைய. குறியுள்ள (எதிர்மதிப்பும் ஏற்கும்) முழுஎண் அதன் எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதைச் சி வரையறுக்கவே இல்லை. அது நடக்காது என்று வைத்துக்கொண்டுதான் கம்பைலர் நிரலைச் சுருக்கும். ஆகவே எல்லாக் கூட்டல் பெருக்கலையும் குறியற்ற எண்களில் செய்து பிறகு மாற்ற வேண்டும் என்று முடிவெடுப்பீர்கள். அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. இரண்டு 16 பிட் குறியற்ற எண்களைப் பெருக்கினால், சியின் இயல்பான முழுஎண் வகையான இன்ட் 32 பிட்டாக உள்ள சில்லில் அவை முதலில் குறியுள்ள இன்ட்டாக உயர்த்தப்படுகின்றன. 65535ஐ 65535ஆல் பெருக்கினால் வருவது 4294836225; குறியுள்ள 32 பிட்டில் அடங்கும் பெரிய எண்ணோ 2147483647. குறியற்ற எண்களை மட்டுமே தொட்ட நிரலில் குறியுள்ள எண்ணின் பிழை! இன்ட் 16 பிட்டாக உள்ள சில்லில் இதே வரி சரியாக வேலை செய்யும் என்பதால், ஒரு சில்லில் மட்டும் சோதித்துவிட்டு நம்பிவிடவும் கூடாது. பெருக்கும் முன் ஒரு பக்கத்தை 32 பிட் குறியற்ற எண்ணாக மாற்றி எழுதுங்கள். ஜிசிசிக்கும், எல்எல்விஎம்மின் சி கம்பைலரான கிளாங்குக்கும் இதைச் சமாளிக்கும் விருப்பக்கொடி இருக்கிறது. சில்லு நிறுவனங்கள் தரும் கம்பைலர்களில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், உரிமம். கம்பைலருக்கு எந்த உரிமம் வைத்தாலும் பயனரை அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் நிரல் ஓடும்போது உடனிருக்கும் ரன்டைம் நிரலகம் ஒவ்வொரு பயனரின் கருவிக்குள்ளும் போய் உட்காருகிறது. அது விதிவிலக்கு எதுவும் இல்லாத ஜிபிஎல்லாக (சேர்த்து வெளியிடும் நிரலையும் அதே உரிமத்தில் தரக் கோரும் உரிமமாக) இருந்தால், உங்கள் மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் எல்லாமே அந்த உரிமத்துக்குள் வந்துவிடும். ஜிசிசி தன் ரன்டைம் நிரலகங்களுக்கு இதற்காகவே தனி விதிவிலக்கு வைத்திருக்கிறது. எல்எல்விஎம் அப்பாச்சி 2.0 உரிமத்துடன் ஒரு விதிவிலக்கைச் சேர்த்துக்கொண்டதற்கும் இதுவே ஒரு காரணம். அந்த மாற்றத்துக்காகப் பழைய பங்களிப்பாளர்கள் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் வாங்க அவர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. நீங்கள் மூவராக இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நண்பரிடமும் இந்த விடைகளைக் காட்டினேன். மரத்தையே எழுத முடியாத மொழியில் கம்பைலரா என்ற வாதத்துக்கு அவரிடம் விடை இல்லை. கம்பைலர் ஓகேமலிலேயே இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார். சிக்கு மாறுவதில் மட்டும் எனக்கு ஓர் ஐயம். இப்போது ஒவ்வொரு செயற்கூறுக்கும் எத்தனை பைட் ஸ்டாக் என்பதை எல்எல்விஎம், தொகுத்துக் கிடைக்கும் ஆப்ஜெக்ட் கோப்பில் ஒரு தனிப் பகுதியாக எழுதித் தருகிறது. நாங்கள் அழைப்பு மரத்தின் மிக நீண்ட கிளையைக் கூட்டி எண்ணைச் சொல்கிறோம். சிக்குப் போனால் அந்தக் கணக்கு எங்கிருந்து வரும்?

மறுமொழி 3

ஜிசிசியிலும் கிளாங்கிலும் ஸ்டாக் பயன்பாட்டை ஒவ்வொரு செயற்கூறுக்கும் தனித்தனியாகக் கோப்பில் எழுதச் சொல்லும் விருப்பம் உள்ளது. அதே கூட்டலை அதைக் கொண்டும் செய்யலாம். பிற கம்பைலர்களில் அந்த வசதி இல்லாவிட்டால், அந்தச் சில்லுக்கு எண்ணைத் தர முடியாது என்று வெளிப்படையாக அச்சிடுவதே நேர்மை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கார்ட்டெக்ஸ்-எம்0 போன்ற சில்லுகளில் வகுத்தலுக்கு வன்பொருள் கட்டளை இல்லை. நீங்கள் வகுத்தல் குறியை எழுதினால் கம்பைலர் அமைதியாக ஒரு துணைச் செயற்கூறை அழைக்கும். அது முன்பே தொகுக்கப்பட்ட நிரலகத்தில் இருப்பதால் அதற்கு ஸ்டாக் அளவு எங்கும் எழுதப்பட்டிராது. உங்கள் இப்போதைய எல்எல்விஎம் கணக்கில் அதைச் சேர்த்திருக்கிறீர்களா? வன்பொருள் நிகழ்வு ஒன்று நேர்ந்தவுடன் ஓடும் குறுக்கீட்டுச் செயற்கூறுகள் எந்தக் கணத்திலும் அதே ஸ்டாக்கின் மேல் ஏறி உட்காரும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்டவர்

குறுக்கீடுகளைச் சேர்த்திருக்கிறோம். வகுத்தலைச் சேர்க்கவில்லை. இன்று காலை சராசரி கணக்கிடும் ஒரு சிறு நிரலை எம்0வுக்குத் தொகுத்து, ஸ்டாக் முழுவதையும் ஒரே பைட் மதிப்பால் நிரப்பிவிட்டு, ஓடி முடிந்தபின் எதுவரை அழிந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். நாங்கள் அச்சிட்ட எண்ணைவிட எட்டு பைட் கூடுதலாக அழிந்திருந்தது. மூன்று ஆண்டுகளாக இதைத்தான் உறுதியான மேல்வரம்பு என்று கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். சிக்கு மாறுவதைத் தள்ளிவைத்துவிட்டு, துணைச் செயற்கூறுகளை அசெம்பிளியிலிருந்து நேராக அளந்து ஓர் அட்டவணையாகச் சேர்க்கும் திருத்தத்தை முதலில் வெளியிடுகிறோம். அதுவரை கையேட்டின் அந்த வரியை எடுத்துவிட்டேன்.